கணக்கில் வராத இரண்டு மாத்திரைகள்

மார்ச் 3, செவ்வாய்

விடிகாலை ஐந்தரைக்கு அப்பா கொல்லைக் குழாயடியிலிருந்து கூப்பிட்டார். வெள்ளைத் துண்டில் ரூபாய்க்காசு அகலத்துக்கு நாலைந்து இரத்தச் சொட்டு. தலையை அண்ணாந்து வைத்துக்கொண்டு நின்றார். சில்லுமூக்கு உடைந்தால் நம் வீடுகளில் எல்லாரும் செய்வது அதுதான். இரத்தம் தொண்டைக்குள் இறங்கிக் குமட்டியது. பத்து நாளில் இது மூன்றாவது தடவை என்று இன்றுதான் சொல்கிறார். "சூடும்மா, இளநி குடிச்சா சரியாயிரும்" என்றார். எனக்கு மனசு ஆறவில்லை.

மார்ச் 4, புதன்

காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். இரண்டு மூக்குத் துளைக்கும் நடுவே, முன்பக்கத்தில், மெல்லிய இரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கும் இடம் ஒன்று உண்டு. சில்லுமூக்கு பெரும்பாலும் அங்கேதான் உடைகிறது. அப்பாவுக்கு அந்த இடம் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. பிரஷர் சரியாக இருந்தது.

"என்னென்ன மாத்திரை போடுறீங்க?"

ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து போடும் ஆஸ்பிரின் 75, கொழுப்பு மாத்திரை இரண்டையும் சொன்னார்.

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லீங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஊறுகாய் ஜாடி பக்கத்தில் இருக்கும் டப்பாக்கள்! தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த மீன் எண்ணெய், காலையில் இரண்டு, இரவில் இரண்டு. கெண்டைக்கால் இழுக்கிறது என்றதற்கு மருந்துக் கடையில் எடுத்துக் கொடுத்த வைட்டமின் ஈ 400, தினம் ஒன்று, ஐந்து மாதமாக. அப்பா எதையும் மறைக்கவில்லை. அவருக்கு அவை மருந்தே இல்லை, சத்து.

டப்பாக்களைப் பற்றி நான் சொன்னதும் டாக்டர் பொறுமையாக விளக்கினார். காயம் பட்டால் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித்தான் இரத்தம் நிற்கிறது. இதயத்தைக் காக்க அந்த ஒட்டுதலைக் குறைப்பதுதான் ஆஸ்பிரினின் வேலை. மீன் எண்ணெயும் கொஞ்சம் அதே பக்கம் இழுக்கும். வைட்டமின் ஈ அளவு மீறினால், இரத்தம் உறையத் தேவையான வைட்டமின் கே-யின் வேலையைக் கெடுக்கும். ஒரு நாளுக்கு வேண்டியது ஏறக்குறைய 15 மில்லிகிராம். அப்பா விழுங்கியது 400.

"மீன் எண்ணெய் மட்டும்னா நான் இவ்வளவு யோசிக்க மாட்டேன். மூணும் சேர்ந்திருக்கு, மூக்கும் காய்ஞ்சு கிடக்கு" என்றார். டப்பா இரண்டையும் நிறுத்தச் சொன்னார். ஆஸ்பிரினை மட்டும் நாமாக ஒருநாளும் நிறுத்தக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார். மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு எழுதிக் கொடுத்தார்.

மார்ச் 7, சனி

கடையில் தானாக வாங்கும் மாத்திரைகளைப் பற்றிப் படிக்கப் படிக்கப் பயமாக இருக்கிறது. கடற்பாசி மாத்திரையில் அயோடின் அளவு மீறினால் தும்மல், மூக்கொழுகல், நெற்றி வலி எல்லாம் வரலாம். சளி என்றே நினைத்துக் கஷாயம் வைப்போம். 2009-இல் அமெரிக்காவில், ஜலதோஷத்துக்கு மூக்கில் தடவும் துத்தநாக ஜெல்லால் மோப்பம் போனதாக நூற்றுக்கும் மேற்பட்டோர் புகார் சொல்லி, அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அரசே எச்சரித்திருக்கிறது. அதுவும் மருந்துச் சீட்டு இல்லாமல் கடையில் கிடைத்ததுதான்.

மார்ச் 9, திங்கள்

இரவு மறுபடி உடைந்தது. இந்த முறை அப்பாவை உட்காரவைத்து முன்னால் குனியச் சொன்னேன். மூக்கின் மெத்தென்ற பாகத்தைப் பிடித்து, இடையில் விட்டுப் பார்க்காமல், கடிகாரத்தைப் பார்த்தபடி பத்து நிமிடம். நின்றுவிட்டது.

மார்ச் 18, புதன்

ஒன்பது நாளாகத் துண்டு வெள்ளையாகவே இருக்கிறது. மாத்திரைகளை நிறுத்தியதாலா, மூக்கு ஈரமானதாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். அப்பாவின் மருந்து நோட்டில் ஆஸ்பிரினுக்குக் கீழே, நிறுத்திய இரண்டின் பெயரையும் அளவோடு எழுதி வைத்தேன்.

வீட்டுப் பெரியவர்களிடம் "என்ன மருந்து சாப்பிடுறீங்க" என்று கேட்காதீர்கள், "வேளாவேளைக்கு என்னென்ன விழுங்குறீங்க" என்று கேளுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அடுப்படி டப்பாக்களையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள்.