பிளாட்டினத்தின் மூக்கு

தொல்காப்பிய மரபியல் நுகர்தலை மூன்றாம் அறிவாக வைக்கிறது. கறையானும் எறும்பும் அதற்குரியவை. ஆண்டுதோறும் நான் நடத்தும் பாடம் இது. அந்த அறிவை மனிதர் இழந்தால் என்னாகும் என்ற கேள்வியை எழுப்பியவர் என் அம்மா. எழுபத்தைந்து வயதைக் கடந்த அவருக்குச் சில ஆண்டுகளாக எந்த வாசனையும் தெரிவதில்லை. ஊரில் தனியே இருக்கிறார், தானே சமைத்துக்கொள்கிறார்.

சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் மணமில்லை. கசிவு தெரியவேண்டுமென்றே எத்தில் மெர்காப்டன் என்னும் கந்தகச் சேர்மத்தைக் கலக்கிறார்கள். அம்மாவுக்கு அந்த எச்சரிக்கை எட்டாது. ஆகவே அடுக்களைச் சுவரில், தரையையொட்டி, ஓர் உணரியைப் பொருத்தினேன். அதன் உட்பொருளை விளக்கியவர் இயற்பியல் துறை நண்பர்.

1962இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செய்யாமா, துத்தநாக ஆக்சைடின் மென்படலம் வாயுக்களை உணர்வதை வெளியிட்டார். அதே ஆண்டில் தகுச்சி என்பவர் இத்தகைய உணரிக்குக் காப்புரிமை கோரினார். பின்னர் வெள்ளீய ஆக்சைடே பெருவழக்காயிற்று. சூடேற்றிய ஆக்சைடின் மேற்பரப்பில் காற்றின் ஆக்சிஜன் ஒட்டிக்கொண்டு எலக்ட்ரான்களைப் பிடித்துவைக்கிறது, மின்தடை உயர்கிறது. எரிவாயு வந்ததும் அந்த ஆக்சிஜனோடு வினைபுரிகிறது; எலக்ட்ரான்கள் விடுபடுகின்றன; மின்தடை சரிகிறது. அந்தச் சரிவுதான் அலறலாக ஒலிக்கிறது.

வெறும் ஆக்சைடு மந்தமானது. அதன்மேல் பல்லேடியமோ பிளாட்டினமோ நுண்துகள்களாகப் படிந்தால் குறைந்த வெப்பத்திலேயே, விரைவாக வினை நிகழும். அளவு மிஞ்சினால் துகள்கள் திரண்டு பயன் குறையும்.

இவ்விடத்தில் எனக்கு எலியட் நினைவுக்கு வந்தார். மரபும் தனித்திறனும் பற்றிய தம் 1919ஆம் ஆண்டுக் கட்டுரையில், கவிஞனின் மனத்தை அவர் பிளாட்டினத் துண்டுக்கு ஒப்பிட்டார்: வினையை நிகழ்த்தும், தான் மாறாது. இலக்கிய மாணவர் எவரும் மறவாத உவமை. நண்பர் சிரித்தார். சிலிக்கோன் ஆவி பட்டால் வினையூக்கி நஞ்சேறிச் செயலிழக்கும். கந்தகச் சேர்மங்களும் அதற்கு ஆகா. கந்தக அமிலத் தயாரிப்பிலேயே ஆர்செனிக்கால் பிளாட்டினம் கெட்டுப்போன வரலாறு உண்டு என்றார்.

உவமையின் அழகு எனக்குக் குறையவில்லை. ஆனால் அதன் அமைதி போய்விட்டது. வினையூக்கி செத்த உணரியும் கசிவில்லாத அடுக்களையும் ஒரே மௌனத்தைத்தான் தருகின்றன. பல கருவிகளில் சோதனைப் பொத்தான் மின்சுற்றையும் ஒலியையும் மட்டுமே சோதிக்கும், மூக்கை அன்று. ஆகவே கருவியில் அச்சிட்டுள்ள காலாவதி நாளை அம்மாவின் நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்துவைத்திருக்கிறேன். இரவில் சிலிண்டரை மூடச் சொல்வதையும் நிறுத்தவில்லை.

ஓயாமல் உணர்ந்துகொண்டிருக்கும் எதுவும் மாறாமல் இருப்பதில்லை. கவிஞர்களைப் பற்றியும் இதைச் சொல்லலாமென்றே தோன்றுகிறது. எலியட்டை அடுத்த முறை நடத்தும்போது இதையும் சேர்த்தே சொல்வேன்.