எழுத்தும் மூளையும்

34 ஆண்டுகள் தமிழாசிரியனாகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் நான். அப்பணியில் நான் இழைத்த பிழை ஒன்றை இங்கே கூறுகின்றேன்.

1991ஆம் ஆண்டில் என் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். நான் ஒருமுறை பாடிக் காட்டிய செய்யுளை மறுநாள் பிழையின்றி ஒப்பிப்பான். பொருள் வினவின் தெளிவாக உரைப்பான். புத்தகத்தை விரித்து அதே செய்யுளைப் படிக்கச் சொன்னாலோ அவனுக்கு நா எழாது. ‘பகல்’ என்று நான் சொல்ல, ‘பலக்’ என்று எழுதுவான். இத்துணை நினைவாற்றல் உடையவன் படிக்க மாட்டாதிருத்தல் சோம்பலே என்று முடிவு செய்தேன். பலர் முன்னிலையில் அவனை ஏசினேன். பலகைமேல் ஏற்றி நிறுத்தினேன். அவ்வாண்டுத் தேர்வுக்குப் பின் அவன் பள்ளிக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் வினவவும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் என் பேத்திக்கும் அதே இடர் தோன்றியது. அவளை ஆய்ந்த உளவியல் அறிஞர் ‘டிஸ்லெக்சியா’ என்னும் பெயரைக் கூறினார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை; பேத்தியைவிட அம்மாணவனே கண்முன் நின்றான். அதன்பின் இதுபற்றிய நூல்களைத் தேடிப் படிக்கலானேன்.

1896ஆம் ஆண்டிலேயே பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கில மருத்துவர், 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதியுள்ளார். அச்சிறுவன் கணக்கில் வல்லவன். ஆயினும் தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். எல்லாப் பாடங்களையும் வாய்மொழியாகவே கற்பித்தால் பள்ளியில் இவனே சிறந்து விளங்குவான் என்பது அவனுடைய ஆசிரியர் கருத்து. அந்த ஆசிரியர் என்னினும் கண்ணுடையவர்.

பேச்சு மாந்தர்க்கு இயல்பாக வாய்த்தது. எழுத்தோ தோன்றி ஏறத்தாழ 5,000 ஆண்டுகளே ஆயின. ஆதலின் எழுத்துக்கென்று மூளையில் பிறவியிலேயே அமைந்த இடம் இல்லை. உருவங்களைக் கண்டறிய உதவும் இடப்புறப் பகுதி ஒன்றே பயிற்சியால் எழுத்தறியும் இடமாகின்றது என்பர் பிரெஞ்சு அறிஞர் ஸ்தனிஸ்லாஸ் தெஹான். கண் கண்ட வடிவம் செவி அறிந்த ஒலியோடு இணைந்தாலன்றி வாசிப்பு நிகழாது. (நம் இலக்கண நூலார் எழுத்து என்று முதற்கண் கூறியது ஒலியையே என்பதை நினைக்க.) மூளையின் இயக்கத்தைப் படம்பிடிக்கும் கருவிகள் 1990களில் பரவியபின், இவ்விடர் உடையோர் படிக்குங்கால் இடப்புறப் பின்பகுதிகள் குறைவாகவே இயங்குதல் புலனாயிற்று. ஒலியையும் எழுத்தையும் பிணைத்துச் செறிவாகப் பயிற்றியபின் அவ்வியக்கம் மிகுந்ததும் சில ஆய்வுகளில் காணப்பட்டது. அறிவுக் குறைவும் அன்று, சோம்பலும் அன்று. வழி வேறு, அவ்வளவே.

1930களில் அமெரிக்காவில் அன்னா கில்லிங்காம் என்னும் அம்மையார் வகுத்த பயிற்சிமுறை, கண், செவி, கை மூன்றையும் ஒருங்கே பழக்குவது. அதைப் படித்தபோது என் பாட்டனாரின் திண்ணைப் பள்ளி நினைவுக்கு வந்தது. மணலில் விரலால் எழுதி, எழுதும்போதே உரக்க ஒலிக்கச் செய்வாராம். பிரம்பும் அவர் கையில் ஓய்ந்ததில்லை என்பர். அதை நான் புகழ மாட்டேன்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இவ்விடரையும் ஏற்றுக்கொண்டது. தேர்வில் கூடுதல் நேரமும் கிடைக்கின்றது. நாள்தோறும் கற்பிக்கும் வேலை மட்டும் ஆசிரியர்க்கும் வீட்டார்க்கும் உரியது.

மாலைதோறும் தட்டில் மணலைப் பரப்பி, பேத்தியும் நானும் அமர்கின்றோம். ஒருநாள் ‘கெண்டை’ என்னும் சொல்லை எழுதச் சொன்னேன். விரலை மணலில் வைத்தவள் நிமிர்ந்து, “தாத்தா, ‘க்’ என்பதுதானே முதலில் ஒலிக்கின்றது? பின்னால் ஒலிக்கும் ‘எ’வுக்கு உரிய கொம்பு ஏன் முன்னால் வந்து நிற்கின்றது?” என்று கேட்டாள்.

34 ஆண்டுகளில் இதை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. எட்டாம் வகுப்பில் ஒருவன் கேட்க நினைத்திருக்கலாம். நான் அவனைப் பலகைமேல் நிறுத்தியிருந்தேன்.