பழைய லேப்டாப்புக்கு ஓர் எஸ்எஸ்டி

"லேப்டாப் பழசாயிடுச்சு அய்யா, புதுசு வாங்கிடுங்க" என்று கடையில் சொன்னால், பென்ஷன்காரர்களாகிய நாம் உடனே பணத்தை எண்ண வேண்டியதில்லை. சில மெஷின்களுக்கு ஓர் உறுப்பை மட்டும் மாற்றினால் போதும். போன மாதம் என் லேப்டாப்புக்கு அதைத்தான் செய்தேன். உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி ஒன்று கிடக்கலாம் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

என்னுடையது 2014-ல் வாங்கியது. பொத்தானை அழுத்திவிட்டுப் போய்க் காபி கலந்து குடித்து, டபராவையும் கழுவி வைத்துவிட்டு வரலாம். கடிகாரம் வைத்துப் பார்த்தேன்: 5 நிமிடத்துக்கு மேல்.

எனக்கு என்ன அவசரம்? ஆனால் எங்கள் தெருவில் சொல்தா குடும்பங்கள் சில உண்டு. பிரான்சிலிருந்து பென்ஷன் கடிதம் வந்தால், பிரெஞ்சு படித்தவன் என்று என்னிடம்தான் எடுத்து வருவார்கள். கடிதத்தைப் படித்துச் சொல்வது சுலபம். போன வருஷம் என்ன பதில் அனுப்பினோம், எந்தச் சான்றிதழை இணைத்தோம் என்பதெல்லாம் லேப்டாப்பில் இருக்கிறது. எண்பது தாண்டிய ஓர் அம்மா, பென்ஷன் நின்றுவிடுமோ என்ற பயத்தோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். "என்ன தம்பி, நிறுத்தறேன்னு போட்டிருக்கானா?" என்று இரண்டு தரம் கேட்டுவிடுவார். அவருக்கு அந்த 5 நிமிடம் சாதாரணமானதல்ல.

ஒரு கடையில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்காமல், புதுசுதான் வழி என்றார்கள். பக்கத்து வீட்டில் கம்ப்யூட்டர் படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவள் அரை மணி நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "தாத்தா, மெஷின் நல்லாத்தான் இருக்கு. ஹார்ட் டிஸ்க்தான் இழுக்குது. எஸ்எஸ்டி போட்டுடலாம்."

ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. பிராசஸர் என்பது நாற்காலியில் இருக்கும் கிளார்க். ரேம் என்பது அவருடைய மேசை. ஹார்ட் டிஸ்க் என்பது ரெக்கார்டு ரூம். கிளார்க் எவ்வளவு சுறுசுறுப்பானவராக இருந்தாலும், ரெக்கார்டு கீப்பர் ஏணி வைத்து ஏறிக் கட்டை அவிழ்த்துக் கோப்பைக் கொண்டு வரும்வரை சும்மா இருக்க வேண்டியதுதான். பிரெஞ்சில் ரேமுக்கு 'மெமுவார் வீவ்' என்று பெயர், அதாவது உயிருள்ள நினைவு. மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். அதனால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மேசை காலி. எல்லாவற்றையும் ரெக்கார்டு ரூமிலிருந்து மறுபடி எடுத்து வர வேண்டும்.

லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே வட்டத் தகடு நிமிடத்துக்குப் பெரும்பாலும் 5400 சுற்று சுற்றுகிறது. ஒரு சிறு கை அதன்மேல் அங்கும் இங்கும் நகர்ந்து படிக்கிறது. இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடப்பதைத் தேடி எடுக்கச் சொன்னால் நொடிக்கு 100 தரம்கூட முடியாது. விண்டோஸ் திறக்கவோ ஆயிரக்கணக்கான துண்டுகள் வேண்டும். தாமதம் அங்கேதான். எஸ்எஸ்டியில் சுற்றுவதும் இல்லை, நகர்வதும் இல்லை. எல்லாம் சிப்பில் இருக்கிறது. நொடிக்குப் பல ஆயிரம் தரம் எடுத்துக் கொடுக்கும்.

வேலை நடந்த விதத்தைச் சொல்கிறேன். முதலில் முக்கியமான கோப்புகள் அத்தனையையும் தனியாக ஒரு பென் டிரைவில் நகல் எடுக்க வைத்தாள். என் மனைவியின் புகைப்படங்களும், ஸ்கேன் செய்து வைத்த குடும்பத்தின் எத்தா சிவில் பத்திரங்களும் அதில் அடக்கம். மனைவி காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. அந்தப் படங்கள் வேறெங்கும் இல்லை. நகல் எடுக்காமல் ஒரு திருகைக்கூடத் தொட விடாதீர்கள். பிறகு, யூஎஸ்பி கேபிளில் புது எஸ்எஸ்டியை மாட்டி, பழைய டிஸ்க்கில் இருந்தது அனைத்தையும் அப்படியே அதில் ஏற்றினாள். அதற்கே 3 மணி நேரம் ஆயிற்று. பின்மூடியைக் கழற்றி, பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, பழையதை உருவிப் புதியதைச் செருக 20 நிமிடம். மூடிப் பொத்தானை அழுத்தினோம். 25 நொடியில் என் பழைய முகப்புத் திரை, பழைய கோப்புகளோடு அதே இடத்தில் வந்து நின்றது.

எதிர்பார்க்கக் கூடாதவையும் உண்டு. இன்டர்நெட் வேகம் கூடாது. பேட்டரி பழைய பேட்டரிதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது; பழைய மெஷின்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. ஆகவே பாங்க் வேலையை அதில் செய்கிறவர்கள் விவரம் தெரிந்தவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கும் முன் உங்கள் மெஷினுக்குப் பொருந்துவது இரண்டரை அங்குல வகையா, எம்.2 வகையா என்று பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. ஹார்ட் டிஸ்க் சாகும் முன் பல நேரம் டிக் டிக்கென்று சத்தம் போட்டு எச்சரிக்கும். எஸ்எஸ்டி சொல்லாமல் கொள்ளாமல் போய்விடலாம். அதனால் நகல் கட்டாயம். கழற்றிய பழைய டிஸ்க்கை அந்தப் பெண் ஒரு சிறு பெட்டியில் போட்டுக் கொடுத்தாள். மாதம் ஒருமுறை அதில் எல்லாவற்றையும் நகல் எடுத்து, பத்திரங்கள் இருக்கும் பீரோவிலேயே வைக்கிறேன். வேகம் குறைந்தாலும் வைத்ததைக் காப்பாற்றும் வேலைக்கு அது போதும்.

சந்தேகம் இருந்தால் கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாததை அந்தப் பெண்ணிடம் கேட்டுச் சொல்கிறேன்.