சரளைப் பாதையில்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடிந்து, இரும்பு ஆலைத் தொழிலாளர்கள் கூட்டங்கூட்டமாகச் சைக்கிளில் வீடு திரும்புகிற காலை வேளையில், கல்கத்தா நெடுஞ்சாலையின் லாரி இரைச்சலை முதுகுக்குப் பின்னால் விட்டு, மேற்கே மாதர்பாக்கம் பக்கமாக என் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு புறப்படுவது பல வருஷங்களாக எனக்குப் பழகிப்போன காரியம். தார்ச் சாலை சிறிது தூரம்வரை கூட வரும். பிறகு ஏரிக்கரை, வண்டிப்பாதை, பனைவரிசை என்று பிரிகிற செம்மண் தடங்களில் ஒன்றைப் பிடித்துவிட்டால், டயருக்கடியில் சரளை நெறுநெறுக்கும் அந்தச் சப்தத்தைத் தவிர வேறு சப்தமில்லாத பிரதேசம் ஒன்று, ஆலைப் புகைபோக்கிகள் இன்னும் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருக்கும்போதே, ஆரம்பமாகிவிடுகிறது.

மேல்நாடுகளில் இப்படிப்பட்ட பாதைகளுக்கென்றே ‘கிராவல் பைக்’ என்று ஒரு சைக்கிள் செய்கிறார்கள். அமெரிக்காவில் கான்ஸாஸ் மாநிலத்து எம்போரியா என்ற சிற்றூரில் 2006ல் தொடங்கிய சரளைப் பாதைப் பந்தயம் பெரும் பிரசித்தி அடைந்து, 2022ல் இத்தாலியில் உலக சாம்பியன் போட்டியே நடக்கும் அளவுக்கு இந்த மோகம் பரவியிருக்கிறது. ஆனால் ‘கிராவல்’ என்ற சொல் நம் கிராமத்து ஜனங்களின் வாயில் வெகு காலமாகவே புழங்கி வருவது. கிராவல் ரோடு என்றால் செம்மண்ணும் கூழாங்கல்லும் கலந்து கொட்டிய பாதை என்பது இங்கே சிறு குழந்தைக்கும் தெரியும். அந்தப் புதுச் சைக்கிள்களின் டயர் அகலம் பெரும்பாலும் 40 மில்லிமீட்டரை ஒட்டியது என்று படித்தபோது, என் பழைய கறுப்பு சைக்கிளின் 28க்கு ஒன்றரை டயரை அளந்து பார்த்தேன். ஏறக்குறைய அதே அளவு! 1949ல் நிறுவப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ் போன்ற வண்டிகள், பால் கேனையும் புல்லுக்கட்டையும் நெல் மூட்டையையும் சுமந்துகொண்டு இந்த மாவட்டத்தின் சரளையில் தலைமுறை தலைமுறையாக ஓடியிருக்கின்றன. சரளைச் சவாரியின் சாஸ்திரம் நமக்குப் புதிதல்ல என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அந்தச் சாஸ்திரத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர், சாலையோரப் புளியமரத்தடியில் சைக்கிள் கடை வைத்திருந்த ஒரு பெரியவர். சீமைக் கருவேல முள் ஏறி முன்சக்கரம் இறங்கிப்போன ஒரு நாள், இரண்டு மைல் தள்ளிக்கொண்டு அவரிடம் போய்ச் சேர்ந்தேன். ட்யூபை உருவித் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி, குமிழி வந்த இடத்தில் குச்சியைச் செருகி அடையாளம் வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காய்கிறவரையில் நிதானமாகக் காத்திருந்து ஒட்டுப்போட்டார். பிறகு காற்றடிக்கும்போது பாதியிலேயே நிறுத்திவிட்டு, டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். “இன்னும் ரெண்டு அடி அடிங்களேன்” என்றேன். “வேணாம் சார். சரளையில ஏறும்போது டயர் கொஞ்சம் அமுங்கணும். கெட்டியா அடிச்சா கல்லு தூக்கிப்போடும், கைதான் நோவும். ஹேண்டில்பாரையும் இறுக்கிப் புடிக்காதீங்க, வண்டி தானா வழி பாத்துக்கும்” என்றார். மேல்நாட்டுப் பந்தயக்காரர்கள் நுட்பமான கருவிகளை வைத்துக்கொண்டு காண்கிற முடிவும் இதுதான் என்று பிற்பாடு அறிந்தேன்.

மாதர்பாக்கத்துக்குத் தென்மேற்கே தேர்வாய்க் கண்டிகை வரையிலும், அதற்கப்பால் ஊத்துக்கோட்டை வரையிலும் விரிந்து கிடக்கும் பூமி பெரிய மலையோ பள்ளமோ இல்லாதது. மெல்ல ஏறி மெல்ல இறங்குவது. இங்கிலாந்தில் ஹீத் என்று சொல்லப்படும் குறும்புதர் வெளியைப் பற்றி அந்நாட்டு எழுத்தாளர்கள் அபிமானத்தோடு எழுதியிருப்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது இந்த மேடுதான். களாவும் காரையும் சூரையும் ஆவாரையும் முழங்காலுயரத்துக்கும் இடுப்புயரத்துக்கும் அடர்ந்து, இடையிடையே ஈச்சம்புதரும் ஒற்றைப் பனையும் நிற்க, சைக்கிள் சப்தத்துக்குக் கௌதாரி ஜோடியொன்று விருட்டென்று எழும்பிப் பறக்கிற அந்த இடத்தை, சர்க்கார் கணக்கில் மேய்க்கால் என்றோ தரிசு என்றோ எழுதி முடித்துவிடுகிறார்கள். தரிசு என்ற அந்த ஒரு சொல் செய்திருக்கும் தீங்கு கொஞ்சமல்ல. தேர்வாய்க் கண்டிகையில் புதிய தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கப்பட்டபோது, அது தங்கள் மாடுகளின் மேய்ச்சல் காடு என்று ஊரார் எதிர்த்துப் போராடினார்கள், தொழிற்பேட்டையும் வந்தது. ஆலைகளால் பிழைக்கிற ஊர்க்காரன் நான். அவை வேண்டாமென்று சொல்ல மாட்டேன். எனினும் ஆடு மேய்க்கும் ஒரு கிழவி ஒரு மேட்டைப் பார்த்துவிட்டு அங்கே இருக்கிற பதினைந்து செடிகளின் பெயரைச் சொல்லக்கூடுமானால், அந்த மேட்டைத் தரிசு என்று எழுதுவது பிழை என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஊத்துக்கோட்டையை அடைந்து ஆரணியாற்றைக் கடந்தபின் கிருஷ்ணா கால்வாய்க் கரை கிடைக்கிறது. ஆந்திரத்துக் கண்டலேறு அணையிலிருந்து சென்னையின் தாகத்தைத் தீர்க்க வரும் நீர், 1996ல் முதன்முதலாகத் தமிழ்நாட்டு எல்லையைத் தொட்டது. அங்கிருந்து பூண்டி நீர்த்தேக்கம் வரை சுமார் 25 கிலோமீட்டர். ஒரு பக்கம் நீரும் மறுபக்கம் புதரும் நெல்வயலுமாகப் போகிற அந்தக் கரையின் சரளைத் தடத்தில், தண்ணீர் திறந்துவிட்டிருக்கும் நாட்களில், ஓட்டத்தோடு ஓட்டமாகப் பெடல் மிதித்துப் போவதைப்போல் மனத்துக்குச் சாந்தி தருவது வேறொன்றை நான் கண்டதில்லை. 1944ல் கட்டிமுடிந்து சத்தியமூர்த்தியின் பெயரைத் தாங்கி நிற்கும் பூண்டி ஏரி, வெயில் ஏறுவதற்குள் கண்ணுக்குத் தெரியும்.

இந்தச் சரளையைப் பற்றி நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இனிமேல்தான். 1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் ஆதிமனிதன் செதுக்கிய கல்லாயுதத்தைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபுட் என்னும் புவியியல் அறிஞர், நான்கு மாதங்கள் கழித்து வில்லியம் கிங் என்ற சகாவோடு பூண்டிக்கருகே உள்ள அதிரம்பாக்கத்து ஓடையில் அத்தகைய கருவிகளை மிகுதியாகக் கண்டார். மேற்கே தெரிகிற அல்லிக்குழி மலைப் பக்கத்திலிருந்து உருண்டு வந்து பரவிய குவார்ட்ஸைட் கற்களே அந்த மனிதர்களுக்கு மூலப்பொருள். சாந்தி பப்பு முதலிய ஆராய்ச்சியாளர்கள் அங்கே மீண்டும் அகழ்ந்து, புதையுண்ட கற்களில் அலுமினிய, பெரிலிய அணுக்கள் எவ்வளவு சிதைந்திருக்கின்றன என்பதை அளந்து, மிகப் பழைய கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் வருஷம் என்று 2011ல் வெளியிட்டார்கள். நாம் சைக்கிள் ஓட்டிச் செல்லும் சரளையும் அந்த ஆதிமனிதர்கள் குனிந்து பொறுக்கிய சரளையும் ஒரே மலையின் கற்கள்.

ஒரு மாசி மாதக் காலையில், ஓடையோரம் இளைப்பாற இறங்கினபோது, முன்சக்கரத்தருகே உள்ளங்கையளவில் பாதாம் பருப்பின் வடிவாய் ஒரு கல் கிடந்தது. இரண்டு பக்கமும் சிராய் சிராயாகப் பெயர்த்த தழும்புகள். ஓரம் மழுங்கியிருந்தாலும் கூர்மையின் ஞாபகம் போகவில்லை. கையில் எடுத்தபோது கட்டைவிரல் தானாகவே ஒரு குழிவில் போய் உட்கார்ந்தது. பூண்டி அகழ்வைப்பகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நான் பார்த்திருந்த கைக்கோடரிகளின் சாயல் அப்படியே இருந்தது. வெகுநேரம் வைத்திருந்துவிட்டு, செம்மண்ணில் அது பதிந்திருந்த அச்சுக்குள்ளேயே திரும்ப வைத்தேன்.

இப்போது இந்தப் பக்கத்து மேடுகள் சில, சாலை போடவும் மனை நிரவவும் கிராவல் என்ற பெயரில் லாரி லாரியாக வெட்டிச் செல்லப்படுகின்றன. சென்ற வருஷம் சைக்கிளில் ஏறி இறங்கின மேடு, இவ்வருஷம் போனால் மழைநீர் தேங்கிய குழியாக இருக்கிறது. எந்த மண்ணை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று அடையாளமிட்டு, அதிரம்பாக்கத்தைச் சுற்றியுள்ள சரளை மேடுகளையேனும் அதிகாரிகள் காப்பாற்ற வேண்டும். இந்தப் பாதையில் சைக்கிளில் வருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அத்தகைய கல்லைக் கண்டால் இறங்கி நின்று பாருங்கள், ஆனால் ஞாபகார்த்தமாகப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். இடத்தை விட்டு எடுத்துவிட்டால், அது எந்த மண்ணடுக்கில் கிடந்தது, எத்தனை காலம் கிடந்தது என்பதை அதன் பிறகு எவராலும் சொல்ல முடியாது.