ஆயாவின் கணக்கு ஏன் பிசகியது?

நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் ஓர் ஆயா, முப்பது வருட வியாபாரத்தில் கணக்கில் பிசகியதே இல்லை. போன வருடம் ஒரு நாள், ஐந்நூறு ரூபாய் நோட்டு கொடுத்தவருக்கு மீதியைக் கொடுத்துவிட்டு, அடுத்த நிமிடமே மறுபடியும் மீதி கொடுத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "வயசாயிடுச்சு, வுடுங்க" என்றார் மருமகள். ஆயாவுக்குப் பதினெட்டு வருடமாகச் சர்க்கரை. இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. இத்தனை வருடம் குப்பத்துக்கு வந்துபோகும் எங்களுக்கும் அன்று தோன்றவில்லை.

மூன்று மாதச் சர்க்கரை அளவைச் சொல்லும் ஹெச்பிஏ1சி பரிசோதனை பலருக்கும் தெரியும். ரத்தச் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின் என்ற புரதத்தில் எவ்வளவு பங்கில் சர்க்கரை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதைத்தான் அது அளக்கிறது. சிவப்பணு ஏறக்குறைய 120 நாளில் அழிந்து புதிது வந்துவிடும். ஆனால் உடம்பில் வருடக்கணக்கில் நீடிக்கும் புரதங்களும் இருக்கின்றன. அவற்றில் ஒட்டிய சர்க்கரை மெல்ல உருமாறி, புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்துக் கெடுத்துவிடுகிறது. கல்லில் தோசை சிவப்பதும் இதே வகை வேதிவினைதான். பிரெஞ்சு வேதியியலாளர் மயார் 1912இல் விவரித்தது. அடுப்பில் நிமிடத்தில் நடப்பது உடம்பில் வருடங்கள் எடுத்துக்கொள்கிறது.

அல்சைமர் நோயாளிகளின் மூளையில் காணப்படும் படிவுகளில் இப்படிக் கெட்ட புரதங்கள் இருப்பதை 1994இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். மூளையின் நோயெதிர்ப்பில் பங்குள்ள எம்ஐஎஃப் என்ற நொதி, நோயின் தொடக்கத்திலேயே சர்க்கரையால் சேதமாகிறது என்று 2017இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகக் குழு எழுதியது. இதை வைத்து, இனிப்புதான் அல்சைமரைக் கொண்டுவருகிறது என்று சொல்லிவிட முடியாது. இந்தக் கெட்ட புரதங்கள் செல்லில் பற்றிக்கொள்ளும் இடத்தை அடைக்க உருவாக்கிய அசெலிராகான் என்ற மருந்து 2018இல் பெரிய சோதனையில் தோற்றுப்போனது. ஆனால் சர்க்கரை நோயாளிகளுக்கு மறதிநோய் அபாயம் கூடுதல் என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது.

"பணக்கார வியாதி" என்ற பேச்சை இனியாவது விடவேண்டும். பொருளாதாரத்தில் முன்னேறிய மாநிலங்களின் நகரங்களில் ஏழைகளிடம்தான் சர்க்கரை நோய் அதிகமாகி வருகிறது என்று ஐசிஎம்ஆர் ஆய்வு 2017இலேயே சொன்னது. வெயிலில் உட்கார்ந்து விற்றுவிட்டு மூன்று மணிக்குச் சோறு, நடுவில் நாலு டீ. மீனவர் குப்பமானாலும் சேரியானாலும் நாங்கள் பார்ப்பது இதுதான்.

படிப்பு குறைவாகக் கிடைத்தவர்களுக்கு மறதிநோய் அபாயம் அதிகம் என்கிறது லான்செட் ஆணையம். பள்ளியை மறுத்தது யார் என்று அது கேட்பதில்லை. மறதிநோய் உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அங்கே நடக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் ஓர் ஆய்வுக்குழு தனக்கு '10/66' என்றே பெயர் வைத்தது. சென்னையும் அதன் களங்களில் ஒன்று. கடிகாரம் வரையச் சொல்லும் சோதனை, பென்சிலே பிடிக்காத கையில் எதை அளக்கும்?

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே சர்க்கரை மாத்திரை கொண்டுவருகிறது. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டோம். ஆனால் மாத்திரை போட்டதையே மறந்து இரண்டாம் முறை போட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி ஆள் மயங்கி விழலாம். மாத்திரை கொடுக்கும்போதே, பணக்கணக்கு தவறுகிறதா, வந்த வழி மறக்கிறதா என்று வீட்டாரிடம் இரண்டு கேள்வி கேட்க எவ்வளவு நேரமாகும்?

போன வாரம் ஆயாவிடம் வஞ்சிரம் விலை கேட்டோம். தயங்காமல் ஒரு விலை சொன்னார். பத்து வருடத்துக்கு முந்தைய விலை. மாத்திரை டப்பா இப்போது மருமகளிடம் இருக்கிறது. வரும் செவ்வாய்க்கிழமை அரசு மருத்துவமனை நரம்பியல் பிரிவுக்கு அவர்களோடு நாங்களும் போகிறோம்.