குத்தகைக்கு விட்ட பாடம்

யுத்தம் செய்வது சர்க்காரின் காரியம். யுத்தத்துக்குச் செல்பவனைப் பழக்குவதும் சர்க்காரின் காரியமே என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அது பழைய எண்ணம். இராணுவ ஹெலிகாப்டர் ஓட்டக் கற்பிக்கும் வேலையைக் கம்பெனிகளுக்குக் குத்தகையாக விடும் வழக்கம் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வேரூன்றிவிட்டது. நாம் படைவீரரல்லோம். ஆயினும், இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையின் முன் நிற்பதனால், பாடம், பரீட்சை, சம்பளம் என்னும் மூன்றும் ஒன்றையொன்று எப்படி இழுக்கும் என்பதை அறிவோம்.

கம்பெனி என்றதும் முகஞ் சுளிக்க வேண்டுவதில்லை. வியத்நாம் யுத்தத்தில் ஹெலிகாப்டர் ஓட்டிய அமெரிக்கர்களில் பெரும்பாலோர் டெக்ஸாஸ் மாகாணத்து வோல்ட்டர்ஸ் கோட்டையில்தான் அரிச்சுவடி பயின்றார்கள். 1956 முதல் 1973 வரை அங்கே சுமார் 40,000 பேர் தேறினார்கள். முதற் பாடம் சொன்னவர்கள் ஒரு தனியார் விமானக் கம்பெனியின் உபாத்தியாயர்கள். ஆனால் படிப்பின் நடுவிலேயே மாணாக்கன் இராணுவ உபாத்தியாயரின் கைக்கு மாறுவான். முன்னவர் விட்ட குறை பின்னவர் கண்ணில் படாமற் போகாது. அந்த ஏற்பாட்டின் உயிர்நாடி அதுவே என்பது நம் கருத்து.

பிரிட்டனில் 1997-இல் ஷாபரி விமானத் தளத்தில் முப்படைகளுக்கும் பொதுவாக ஒரு ஹெலிகாப்டர் பள்ளி ஏற்பட்டது. ஹெலிகாப்டர்கள் கம்பெனியின் சொத்து. உபாத்தியாயர்களில் கம்பெனி ஆட்களும் உண்டு, சீருடை அணிந்தவர்களும் உண்டு. 2008-இல் இராணுவ விமானப் பயிற்சியை நடத்த ஒரு கூட்டுக் கம்பெனியுடன் 25 வருஷ ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 2018 முதல் ஷாபரிப் பயிற்சியும் அதன் கீழ் வந்தது. அமெரிக்க இராணுவமோ, 2025-இல், ஹெலிகாப்டர், பராமரிப்பு, போதனை யாவற்றையும் ஒரே கையில் ஒப்படைக்கும் திட்டத்துக்குக் கம்பெனிகளிடம் யோசனை கேட்டது.

இதிலுள்ள அபாயம் யாது? ஓர் உதாரணத்தால் விளங்கும். ஆகாயத்தில் ஹெலிகாப்டரின் எஞ்சின் நின்றுவிட்டால், ஓட்டுபவன் ஓரிரு விநாடிக்குள் இடக்கைப் பக்கத்து நெம்புகோலைத் தாழ்த்தவேண்டும். கீழிருந்து மேலே பாயும் காற்றினால் தலைக்கு மேலுள்ள விசிறி சுழன்றுகொண்டேயிருக்கும். தரை நெருங்கும்போது நெம்புகோலை உயர்த்தி, அந்தச் சுழற்சியின் வேகத்தையே மெத்தையாக்கி இறங்கவேண்டும். இது புத்தகத்தில் படித்து வரும் வித்தையன்று, கை பழகவேண்டும். தரையைத் தொடும் வரையில் பழகினால் யந்திரத்துக்குச் சேதம் நேரலாம், பொழுதும் செலவாகும். யந்திரமும் பொழுதும் தன் கணக்கில் எழுதப்படும்போது, பாடத்தைச் சற்றுக் குறைக்கலாமே என்று கம்பெனிக்குத் தோன்றுவது மனித சுபாவம். ஒப்பந்தத்தில் எழுதாத பாடத்தைக் கம்பெனி தன் செலவில் நடத்துமென்று எதிர்பார்ப்பது பேதைமை.

நாம் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் கணினிப் பாடத்தை வெளியார் ஒருவரிடம் விட்டிருந்தார்கள். தலைக்கு இவ்வளவு என்று கூலி. கற்பித்தவரே பரீட்சை வைத்தார். அவரே மார்க்கும் போட்டார். ஒரு பிள்ளையும் தவறவில்லை. மறு வருஷம் மேல் வகுப்பில் அதே பிள்ளைகளைக் கணினி முன் உட்காரவைத்தபோது பாதிப் பேர் விழித்தார்கள். அவர் கெட்டவரல்லர், நன்றாகவே பேசிப் பாடம் நடத்துவார். தேறாத பிள்ளையைத் தேறவில்லை என்று சொல்வதால் அவருக்கு லாபமில்லை, அவ்வளவே. பள்ளியில் இதன் நஷ்டம் ஒரு வருஷப் படிப்பு. ஆகாயத்திலோ, ஓட்டுபவனின் உயிரும், அவனை நம்பிப் பின்னால் அமர்ந்திருப்பவர்களின் உயிரும்.

ஆகையால், நேயர்களே, கற்பிப்பதைக் குத்தகைக்கு விடலாம். தேறினானா இல்லையா என்று தீர்ப்பளிப்பதை விடலாகாது. பரீட்சகர் சர்க்காரின் சம்பளம் பெறுபவராக இருக்கவேண்டும். தேறியவர் தொகைக்குத் தக்கபடி கூலி பெருகுவது கூடாது. சீருடை அணிந்த உபாத்தியாயர் சிலரையேனும் எப்போதும் பயிற்சித் தளத்தில் வைத்திருக்கவேண்டும். கம்பெனி போய்விட்டால் மற்றொரு கம்பெனி வரும். கற்பிக்கும் வித்தையே படையைவிட்டுப் போய்விட்டால், அதை மீட்க ஒரு தலைமுறை ஆகும்.

ஹெலிகாப்டரில் ஏறும் சிப்பாய் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவனல்லன். அவன் சார்பில் கையெழுத்திட்டவர்கள், பரீட்சை அறையின் சாவியையாவது தங்கள் மடியிலேயே வைத்துக்கொள்ளட்டும்.