விநாடியின் துணுக்கு

கிருஷ்ணாபுரம் என்றால் எல்லாருக்கும் கோயில் சிற்பங்கள்தான் ஞாபகம் வரும். அதே ஊரில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகமும் இருக்கிறது. நம்ம திருநெல்வேலி காந்த நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் இங்கே அது அமைந்தது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு நேரக்குறிப்புகள் பற்றிய யோசனைதான். எந்த அளவீட்டுக்கும், 'எப்போது' என்பது பிசகினால் 'எவ்வளவு' என்பதற்கு மதிப்பில்லை.

கணினிக்கு 0.1 விநாடியைச் சரியாக எழுதவே தெரியாது. இரும எண்ணில் அது முடிவில்லாமல் நீளும்; எங்கோ வெட்டியாக வேண்டும். 1991 பிப்ரவரி 25, சவூதியின் தஹ்ரானில் ஒரு பேட்ரியாட் ஏவுகணைத் தளத்தின் கணினி 100 மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தது. 24 பிட்டில் வெட்டிய அந்தத் துணுக்கு சேர்ந்து சேர்ந்து 0.34 விநாடி ஆகிவிட்டது. அதற்குள், பேட்ரியாட் தடுக்க வேண்டிய ஸ்கட் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். தடுக்கப்படாமல் வந்து விழுந்த அந்த ஸ்கட்டால் 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். இதை எப்போது படித்தாலும் மனசு கனத்துப்போகிறது.

நேரத்தைப் படிக்கும் நிரல் எழுதும் தம்பி தங்கைகளுக்கு: "0.29" என்ற எழுத்தை இரும மிதவைப்புள்ளி எண்ணாக்கி 100-ஆல் பெருக்கினால் 28.999999999999996 வரும். பின்னத்தை வெட்டினால் 28. புள்ளிக்குப் பிந்தைய இலக்கங்களை முழு எண்ணாகவே படியுங்கள். வேண்டிய இலக்கம் குறைந்தால் வலப்பக்கம் சுழியம் சேருங்கள். ".5" என்பது 5 மில்லிவிநாடி இல்லை, 500. அப்புறம் 59.9999996-ஐ ஆறு இலக்கத்துக்கு முழுமையாக்கிப் பாருங்கள்: 60 வரும். அப்போது நிமிடத்தையும் ஒன்று கூட்ட வேண்டும்.